முத்துக்கு முந்தைய ஓடுகள்: தெற்கு ஆஸ்திரேலியப் பயணக் குறிப்புகள்

அடிலெய்டு, முன்னிரவு

நார்த் டெரஸ் வீதியில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே போகிறவர்களில் பாதிப்பேர் ஓப்பல் என்ற மணிக்கல் வைத்த பெட்டிகளின் முன்னால்தான் நிற்கிறார்கள். கூபர் பீடியிலும் ஆண்டமூக்காவிலும் ஓப்பல் தோண்டியவர்களின் கையில் சிக்கிய சிப்பிகளும் நத்தைகளும் விளக்கொளியில் பச்சையும் நீலமுமாக மின்னுகின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்று பாலைவனமாகக் கிடக்கும் நிலப்பரப்பில் கடல் இருந்த காலத்தில் வாழ்ந்தவை அவை.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடு எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டு வந்தவனுக்கு இந்தச் சிப்பிகள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. சேற்றில் புதைந்த ஓடு நிலத்தடி நீரில் கரைந்துபோகிறது. பாறைக்குள் அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சுகிறது. பிறகு சிலிக்கா கரைந்த நீர் அந்த இடத்தில் புகுந்து ஓப்பலாக உறைகிறது. வெளி உருவம் அப்படியே கிடைக்கிறது. உள்ளே இருந்த படிக வரிசை அடியோடு போய்விட்டது.

எனக்கு வேண்டியது அந்தப் படிக வரிசை. சிப்பி, நத்தை, கணவாய் முதலான மெல்லுடலிகளின் ஓட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். மிச்சம் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் கலந்த மெல்லிய சவ்வு. உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற தசைப்படலம் இரண்டையும் சுரந்து ஓட்டைக் கட்டுகிறது. கால்சியம் கார்பனேட் இரண்டு விதமாகப் படிகமாகும்: ஒன்று கால்சைட், மற்றொன்று அரகோனைட். இவற்றைத் தூண்களாக நிறுத்தலாம், தகடுகளாகப் பரப்பலாம், மெல்லிய பட்டைகளாகச் சாய்த்து அடுக்கலாம், ஓர் அடுக்குக்கு மறு அடுக்கு திசை மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாகவும் வைக்கலாம். பொருள் ஒன்றே. அடுக்கும் முறையைப் பொறுத்து வலிமையும் மாறுகிறது, பளபளப்பும் மாறுகிறது. இந்த முறைகளில் எது முதலில் வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பெரிய துண்டு இந்த மாநிலத்துப் பாறைகளிலிருந்து கிடைத்தது.

அத்தான் இங்கே கான்கிரீட் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். விடுப்பு எடுத்துக்கொண்டு வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். "சுண்ணாம்பைப் பார்க்க விடுப்பு எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன், தம்பி" என்று இரவுச் சாப்பாட்டின்போது அலுத்துக்கொண்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றினாள். நாளைக் காலை யார்க் தீபகற்பத்துக்குப் போகிறோம்.

ஆர்ட்ராசன், யார்க் தீபகற்பம்

செயின்ட் வின்சென்ட் வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறது இந்த ஊர். பாலம் இல்லாததால் வளைகுடாவின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு 150 கிலோமீட்டர் வர வேண்டும். இரண்டு பக்கமும் கோதுமை, பார்லி வயல்கள். குளிர்காலம் என்பதால் பயிர் இப்போதுதான் பச்சை பிடித்திருக்கிறது. ஊருக்குக் கிழக்கே கடலை ஒட்டிச் செங்களிமண் சரிவுகள். தெற்கே டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) சுரங்கமும், கப்பலில் ஏற்றுவதற்கான நீண்ட துறையும். அந்த டோலமைட்டும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கேம்பிரியன் காலத்துக் கடலடிப் படிவுதான். எஃகு ஆலைகளுக்குப் போகிறது.

கடல் வற்றியிருந்த நேரத்தில் முதலில் கரைக்குப் போனோம். இங்கே 'ரேசர் ஃபிஷ்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயரில்தான் மீன். உண்மையில் அது பின்னா இனத்துப் பெரிய சிப்பி. கூர்முனையை மணலில் புதைத்துக்கொண்டு அகன்ற விளிம்பை மேலே நீட்டி நிற்கும். விளிம்பு கத்தி. செருப்பில்லாமல் இறங்கக் கூடாது என்று தூண்டிலோடு நின்ற பெரியவர் ஒருவர் எங்கள் காலைப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கினார். சதையைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்துகிறார்கள், ஓட்டை மூடும் தசையைச் சிலர் சமைத்தும் சாப்பிடுகிறார்கள்.

கரையில் ஒதுங்கியிருந்த ஓர் உடைந்த ஓட்டை எடுத்து பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தேன். மெல்லுடலி ஓட்டின் கட்டமைப்பை மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் காண வேண்டுமென்றால் பின்னாவைவிட நல்ல சிப்பி கிடையாது. உடைந்த விளிம்பில் கால்சைட் தூண்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கின்றன. மேல்பகுதி முழுவதும் இந்தத் தூண் அடுக்கு மட்டும்தான். கூர்முனைப் பக்கம் உட்புறத்தில் மட்டும் வேறோர் அடுக்கு ஒட்டியிருக்கிறது. அது பளபளக்கிறது. அதுதான் முத்துப்படலம். முத்துக்கு ஒளி தருவதும் இதே பொருள்.

முத்துப்படலம் செங்கல் சுவர். அரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே தடிமனுள்ள அரகோனைட் வில்லைகள் செங்கற்கள், இடையே இருக்கும் புரதச் சவ்வு சாந்து. வில்லையின் தடிமன் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால் வண்ணம் மாறி மாறித் தெரிகிறது. விரிசல் ஒன்று உள்ளே புகுந்தால் நேராகப் போக வழியில்லை. ஒவ்வொரு வில்லையையும் சுற்றி வளைந்தே போக வேண்டும். போகப் போக அதன் வேகம் தீர்ந்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் அத்தானுக்கு அலுப்பு போய்விட்டது. "கான்கிரீட்டிலும் விரிசல் வராமல் தடுக்க முடியாது. வந்த விரிசலை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றார். அந்த ஓட்டுத் துண்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் பராரா சுண்ணாம்புக்கல். ஆர்ட்ராசனுக்குப் பக்கத்து ஓடைப் பள்ளங்களில் இது வெளியே தலைகாட்டுகிறது. நிலம் விவசாயிகளுக்குச் சொந்தம் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டிருந்தோம். வேலிக் கதவைத் திறந்தால் மறுபடியும் மூடிவிட்டுப் போக வேண்டும், ஆடுகளை விரட்டக் கூடாது என்பவை மட்டுமே நிபந்தனை. இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த ஓட்டோ டெப்பர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ப் டேட் 1892இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பிரியன் புதைபடிவங்களைப் பற்றி எழுதினார். இதே வட்டாரம்தான் மரக்கட்டைகள் நிறைந்த நிலத்தை உழுவதற்காகத் தாண்டிக் குதிக்கும் கலப்பையைக் கண்டுபிடித்தது, 1876இல். அந்தக் கலப்பைக்கு ஊரில் ஒரு காட்சியகமே இருக்கிறது. டெப்பருக்கு அந்த அளவு மரியாதை கிடைத்த அடையாளம் என் கண்ணில் படவில்லை.

பாறை கருஞ்சாம்பல் நிறம். கட்டி கட்டியாகப் புடைத்திருக்கிறது. லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்து நடந்தால் கழுத்து வலிதான் மிச்சம். காரணம், இங்கே நான் தேடி வந்த சிப்பியின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதன் பெயர் போஜெட்டாயா ரன்னெகரை. பீட்டர் ஜெல் என்ற ஆய்வாளர் 1980இல் பெயரிட்டார். உலகின் மிகப் பழைய இரட்டை ஓட்டுச் சிப்பிகளில் ஒன்று, வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இரண்டு ஓடுகளும் இணையும் இடத்தில் சிறு பற்கள்கூட இருக்கின்றன. கதவுக் கீலும் மூடும் தசையும் அப்போதே வந்துவிட்டன.

இதைப் பாறையிலிருந்து எடுக்கும் முறை கொஞ்சம் விசித்திரமானது. சுண்ணாம்புக்கல் துண்டுகளை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். கல் நுரைத்துக் கரைகிறது. சிப்பியின் ஓடும் கால்சியம் கார்பனேட் என்பதால் அதில் மிச்சம் இருந்தாலும் அதுவும் சேர்ந்து கரைகிறது. அடியில் தங்கும் கசடைச் சலித்து, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறார்கள். அந்தக் கசடில் கிடைப்பது ஓட்டின் அச்சு. விலங்கு செத்து சதை அழுகிய பிறகு, கால்சியம் பாஸ்பேட் ஓட்டின் உட்புறத்தில் படிந்து இறுகியிருக்கிறது. பாஸ்பேட்டை அந்த அமிலம் தொடுவதில்லை. ஆக, ஓட்டின் கட்டமைப்பைப் படிக்க முதலில் ஓட்டை அழித்தாக வேண்டும்.

இந்த அச்சின் நுணுக்கம்தான் நம்ப முடியாதது. பாஸ்பேட் படிந்தபோது ஓட்டின் உள்முகத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு படிகத்தின் முனையும் மைக்ரான் அளவில் பதிந்துவிட்டது. பல கோணச் சிறு குழிகள் வலையாகத் தெரிந்தால் அங்கே தூண்கள் நின்றிருந்தன. ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் பட்டைகள் அடுக்கியிருந்தன. புரூஸ் ரன்னெகர் இதை முறையாகப் படித்து 1985இல் கட்டுரை வெளியிட்டார். மேலே சொன்ன சிப்பியின் பெயரின் பிற்பகுதி இவருடையது. கேம்பிரியன் காலத்து மெல்லுடலிகள் பலவகை ஓட்டுக் கட்டமைப்புகளை ஏற்கெனவே வைத்திருந்தன என்பது அதிலிருந்து தெரிந்தது. அரகோனைட் காலப்போக்கில் நிலைக்காமல் கால்சைட்டாக மாறிவிடும் பொருள். 50 கோடி ஆண்டுப் பழைய அரகோனைட் ஓடு தன் உருவத்தில் இருப்பதை எதிர்பார்க்கவே முடியாது. அதனால்தான் இந்தக் கருத்த பாஸ்பேட் மணி எனக்கு நேற்றுப் பார்த்த ஓப்பலைவிடப் பெரிய பொக்கிஷம்.

விடை என்ன? முத்துப்படலம்தான் மெல்லுடலிகளின் ஆதி அமைப்பு, மற்றவை அதிலிருந்து பிரிந்தவை என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். 2011இல் மைக்கேல் வெண்ட்ராஸ்கோ, அந்தோனியோ செக்கா, ஆர்த்தெம் கூச்சின்ஸ்கி மூவரும் போஜெட்டாயாவின் அச்சுகளை மறுபடியும் ஆராய்ந்தார்கள். உள்ளடுக்கில் இருந்தவை வில்லைகள் இல்லை. நீண்ட, மெல்லிய அரகோனைட் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பட்டை அரகோனைட் என்று இதைச் சொல்லலாம். இதே அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கும் ஒற்றைத் தட்டு மெல்லுடலிகளிடம், அதாவது மோனோபிளாகோஃபோராவிடம் இருக்கிறது. அந்த வகுப்பே புதைபடிவமாக மட்டும் அறியப்பட்டிருந்தது. 1952இல் டென்மார்க்கின் கலாத்தியா கடலாய்வுக் கப்பல் கோஸ்டா ரிக்காவுக்கு அப்பால் ஆழ்கடலில் உயிருள்ள ஒன்றை அள்ளி எடுத்தது. அவற்றின் ஓட்டில் இருப்பதும் முத்துப்படலம் என்றுதான் முதலில் எழுதினார்கள். 2009இல் செக்கா குழுவினர் உற்றுப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி பட்டை அரகோனைட் என்று தெரிந்தது.

அப்படியானால் முத்துப்படலம் பிற்காலத்து வரவு. ஐயத்துக்கு இடமில்லாத பழைய முத்துப்படலம் கேம்பிரியனுக்கு அடுத்த ஆர்டோவிசியன் காலத்து அமெரிக்கப் பாறைகளில் கிடைக்கிறது. அது ஒரே குடும்பத்தில் ஒருமுறை தோன்றிப் பரவியதாகவும் தெரியவில்லை. சிப்பிகள் தனியாக, நத்தைகள் தனியாக, கணவாயின் உறவினரான நாட்டிலஸ் வகையினர் தனியாக அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது இவர்களின் வாதம். உயிருள்ளவற்றின் மரபணுக்களும் இதற்குத் துணை நிற்கின்றன. முத்துச் சிப்பி ஒன்றும் அபலோன் நத்தை ஒன்றும் முத்துப்படலத்தைச் சுரக்கும்போது இயக்கும் மரபணுக்களை 2010இல் ஒப்பிட்டார்கள். இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவானது மிகக் குறைவு. எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாகவே இருக்கிறது. நாம் விலை கொடுத்து வாங்கும் பளபளப்பைத் தொடக்கத்தில் கொண்டுபோய் வைக்கும் ஆசை மனிதருடையது, சிப்பிக்கு அந்த ஆசை இல்லை.

ஒரே ஒரு நெருடல். பாஸ்பேட் அச்சு மிகச் சிறிய ஓடுகளுக்குள்தான் நன்றாகப் படிகிறது. நமக்குக் கிடைக்கும் கேம்பிரியன் மெல்லுடலிகள் எல்லாம் கடுகு அளவில் இருப்பதற்கு அவை உண்மையிலேயே குட்டை என்பது காரணமா, பெரியவை பதியாமல் போனது காரணமா? ஸ்பெயினில் இதே வகையினரின் பெரிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குஞ்சுகளை மட்டும் பார்த்துவிட்டு ஊர் மக்கள் எல்லோரும் குள்ளர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஓடைப் பள்ளத்தை விட்டு ஏறும்போது அத்தான் ஒரு கல்லைக் காலால் தட்டினார். "இதற்குள் எத்தனை இருக்கும்?" என்றார். வினிகர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டியதுதான் என்றேன். வேலிக் கதவை மூடிவிட்டு வந்தோம்.

ஹாக்கர்

இன்று முழுவதும் சாலை. போர்ட் அகஸ்டாவில் தேநீர், பிச்சி ரிச்சி கணவாய், குவார்ன். குவார்னுக்கும் ஹாக்கருக்கும் நடுவே கூரையில்லாத கல் வீடுகள் வெறும் வயலில் நிற்கின்றன. 1865இல் ஜார்ஜ் காய்டர் என்ற நில அளவைத் தலைவர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்கு வடக்கே பயிர் செய்ய மழை பத்தாது என்றார். நடுவில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. கோட்டைத் தாண்டிப் போனவர்கள் கட்டிய வீடுகள் இவை. கல்லெல்லாம் நன்றாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. குளிர் கடுமை.

பிராச்சினா பள்ளத்தாக்கு

இக்காரா–ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் தேசியப் பூங்காவுக்குள் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண் சாலை ஓடைப்படுகையோடு பின்னிப் பின்னிப் போகிறது. இது அத்னியமத்தன்ஹா மக்களின் நிலம். அடுக்குகள் மேற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால் கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டினால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்கு வருகிறோம். ஒவ்வொரு அடுக்குக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்து, இறங்கு, படி, ஏறு. முன் இருக்கைக்காரருக்கு நல்ல பயிற்சி.

தொடக்கத்தில் நீலப்பச்சைப் பாசிகள் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் திட்டுகள். அவற்றின் மேல் பனிப்பாறைகள் இறக்கிவிட்டுப் போன கற்களும் மணலும். அதற்கு மேல் வெளிர் நிற டோலமைட். எனோராமா ஓடையில் அந்த டோலமைட்டின் அடியில் ஒரு வெண்கலத் தகட்டைப் பதித்திருக்கிறார்கள். கேம்பிரியனுக்கு முந்தைய எடியாகரன் காலம் இங்கே தொடங்குகிறது என்று உலகப் புவியியலாளர்கள் 2004இல் ஒப்புக்கொண்ட இடம் அது, வயது சுமார் 63.5 கோடி ஆண்டுகள். தென் அரைக்கோளத்தில் இப்படி ஒரு தகடு பதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தகட்டுக்குப் பக்கத்தில் மாதிரி எடுப்பதற்காகத் துளையிட்ட தடங்கள் தெரிகின்றன. கல்லை நோண்டுவதற்கு இங்கே நமக்கு அனுமதி இல்லை. அது சரிதான்.

பன்யெரூ சேற்றுப்பாறையில் மேற்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்த விண்கல் தூக்கி எறிந்த எரிமலைப்பாறைத் துணுக்குகள் ஒரு மெல்லிய கோடாகக் கிடக்கின்றன. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஓடு மறந்துபோகும்.

பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியை நெருங்கும்போது பாறையின் குணம் மாறுகிறது. பாராச்சில்னா அடுக்கின் மணற்கல்லில் செங்குத்தான துளைகள். இதற்குக் கீழே இருக்கும் அடுக்குகளில் விலங்குகள் கடலடியின் மேற்பரப்பில் ஊர்ந்த தடம் உண்டு, ஆழமாகத் துளைத்த தடம் இல்லை. இங்கே எவையோ தரைக்குள் இறங்கிக் குடியிருந்திருக்கின்றன. மறைய வேண்டிய தேவை வந்துவிட்டது என்று பொருள். ஓடு தோன்றியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானதும் இதுவே. எடியாகரன் காலத்தின் இறுதியில் வாழ்ந்த குளோடினா என்ற குழாய் ஓட்டு உயிரின் ஓடுகளில் வட்டத் துளைகள் இருப்பதை 1992இல் சீனப் பாறைகளிலிருந்து காட்டினார்கள். எதுவோ அவற்றைத் துளையிட்டுத் தின்றிருக்கிறது. ஆக, ஓடு வந்த காலத்திலேயே ஓட்டை உடைக்கும் கலையும் வந்துவிட்டது.

அதன்மேல் வில்காவில்லினா சுண்ணாம்புக்கல். இதில் ஆர்க்கியோசையத் என்ற கூம்பு வடிவக் கடற்பஞ்சுகளின் வளையக் குறுக்குவெட்டுகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இரட்டைச் சுவர், நடுவே தடுப்புகள். விலங்குகள் எழுப்பிய மிகப் பழைய பவளத்திட்டு வகைக் கட்டுமானங்களில் சேர்ந்தவை இவை. இவற்றின் இடுக்குகளில்தான் மில்லிமீட்டர் சிப்பிகளும், தொப்பி வடிவ நத்தை உறவினர்களும், ஹால்கீரியாவும் வாழ்ந்தன. ஹால்கீரியா விசித்திரப் பிறவி. நத்தையாக ஊரும் உடல் முழுக்கச் செதில் கவசம், முன்னும் பின்னும் ஒவ்வொரு தனி ஓடு. முழு உடல் கிரீன்லாந்தில் கிடைத்து 1990இல் வெளியானது. அதன் உதிர்ந்த செதில்கள் நாம் போன யார்க் தீபகற்பச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கின்றன. முழு உடல் கிடைப்பதற்கு முன்னால் அந்தச் செதில்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி விலங்காக எண்ணவும் இடம் இருந்தது.

இங்கே நின்றபோது அத்தான் கேட்ட கேள்விதான் இன்றைக்கு முக்கியம். "கால்சைட்தானே உறுதியாக நிலைக்கும்? இந்த ஆரம்பச் சிப்பிகள் ஏன் அரகோனைட்டைத் தேர்ந்தெடுத்தன?"

தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் பதில். கடல்நீரில் கால்சியத்தோடு ஒப்பிட மெக்னீசியம் மிகுந்திருந்தால் அரகோனைட் எளிதாகப் படிகிறது. மெக்னீசியம் குறைந்தால் கால்சைட். இந்த விகிதம் புவி வரலாற்றில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. எடியாகரன் கடைசியிலும் கேம்பிரியன் தொடக்கத்திலும் கடல் அரகோனைட் பக்கம் சாய்ந்திருந்தது. அதன்பின் கால்சைட் பக்கம் திரும்பியது. சுசன்னா போர்ட்டர் 2007இல் இதைப் பட்டியலிட்டுப் பார்த்தார். முதலில் ஓடு கட்டிய குழுக்கள் பெரும்பாலும் அரகோனைட்டில் கட்டியிருக்கின்றன, பிந்தி வந்தவை கால்சைட்டில். அந்தந்தக் காலத்துக் கடல் எதை மலிவாகக் கொடுத்ததோ அதை எடுத்திருக்கின்றன. இன்னும் சுவையானது அடுத்த பகுதி: கடல் மாறிய பிறகும் பெரும்பாலான குழுக்கள் தொடக்கத்தில் எடுத்த கனிமத்தை விடவில்லை. சுரக்கும் புரதங்களும் அதற்கேற்ற மேன்டிலும் ஒருமுறை அமைந்துவிட்டால் மாற்றுவது செலவு அதிகம். மெல்லுடலிகள் இன்றும் பெரும்பாலும் அரகோனைட்காரர்கள். ஆளிச் சிப்பிகளும் நாம் பார்த்த பின்னாவும் கால்சைட்டைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டவை.

"எங்கள் ஆலையிலும் இதே கதைதான். பக்கத்தில் எந்த மணல் கிடைத்ததோ அதற்கு ஏற்ப முதலாளி இயந்திரம் வாங்கினார். மணல் தீர்ந்துவிட்டது, இயந்திரம் இருக்கிறது. இன்றைக்கும் அந்த மணலைத் தேடி லாரி அனுப்புகிறோம்" என்றார் அத்தான். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

மாலையில் பாறைச் சரிவில் மஞ்சள் கால் பாறை வாலபிகள் (சிறு கங்காரு இனம்) வெயில் காய்ந்தன. வால் முழுக்கப் பட்டை பட்டையாக வளையங்கள். ஈமு ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்று, நாங்கள் ஹாரன் அடிக்கும்வரை நகர்வதாக இல்லை. இரவு லீ கிரீக்கில் தங்கல். நிலக்கரிச் சுரங்கம் 2015இல் மூடிய பிறகு பாதி வீடுகள் இருட்டிக் கிடக்கும் ஊர்.

நில்பீனா

எடியாகரன் காலத்துக்குப் பெயர் கொடுத்த எடியாகரா குன்றுகள் இந்தப் பக்கம்தான். ரெக் ஸ்ப்ரிக் என்ற இளம் புவியியலாளர் 1946இல் அந்தக் குன்றுகளில் ஓடில்லாத, மென்மையான உடல் கொண்ட உயிர்களின் பதிவுகளைக் கண்டார். பக்கத்தில் இருந்த நில்பீனா மாட்டுப் பண்ணையின் நிலம் 2023இல் தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். நாமாகச் சுற்ற முடியாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இங்கே கடலடித் தரையைப் பாறைப் பலகைகளாகப் புரட்டி, துண்டுகளை இணைத்து, பல சதுர மீட்டர் பரப்புக்கு அப்படியே விரித்து வைத்திருக்கிறார்கள். மேரி டிரோசர் தலைமையிலான குழு ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. ஓர் அடி தவறி வைத்தால் 55 கோடி ஆண்டுப் பழைய தரையின்மேல் செருப்புக் குறி.

சூரியன் சாய்வாக விழும் நேரத்தில்தான் பதிவுகள் எழுந்து தெரியும் என்பதால் காலையிலேயே போய்விட்டோம். டிக்கின்சோனியா என்ற தட்டையான உயிரின் வரிக்கோடுகள், ஸ்ப்ரிகினா என்ற இன்னோர் உயிர், தண்டோடு இணைந்த வட்டத் தாங்கிகள். ஆனால் நான் தேடி வந்தது கிம்பரெல்லா.

கிம்பரெல்லாவை முதலில் மார்ட்டின் கிளெஸ்னரும் மேரி வேடும் 1966இல் ஜெல்லி மீன் என்று விவரித்தார்கள். 1964இல் மத்திய ஆஸ்திரேலியப் பயணத்தில் உயிரிழந்த ஜான் கிம்பர் என்ற மாணவர்–ஆசிரியரின் நினைவில் வைத்த பெயர். பிறகு ரஷ்யாவின் வெண்கடல் கரையில் இதே உயிரின் பதிவுகள் ஏராளமாகக் கிடைத்தன. 1997இல் மிகயீல் ஃபெடோன்கினும் பென் வேகனரும் இது மெல்லுடலியை ஒத்த இருபக்கச் சமச்சீர் விலங்கு என்று அறிவித்தார்கள். வெண்கடல் பாறைக்கு வயது 55.5 கோடி ஆண்டுகள். போஜெட்டாயாவுக்கு மூன்று, நான்கு கோடி ஆண்டுகள் முன்னால்.

முட்டை வடிவ உடல், விளிம்பைச் சுற்றி மடிப்பு, முதுகில் ஒரு மூடி. மூடி இருக்கிறது, ஆனால் கனிமம் இல்லை. பதிவுகள் நீண்டும் சுருங்கியும் வளைந்தும் இருப்பதிலிருந்து இது தெரிகிறது. கனிம ஓடாக இருந்தால் உடைந்திருக்கும், நெளிந்திருக்காது. விறைப்பான, ஆனால் வளையக்கூடிய கவசம். ஓட்டின் சவ்வுப் பகுதி முதலில், கனிமம் பிறகு என்ற வரிசைக்கு இது பொருந்தி வருகிறது. இன்றைய சிப்பியும் அப்படித்தான் கட்டுகிறது: மேன்டில் முதலில் புரதத் தோலை விரித்துவிட்டு அதன் அடியில் படிகத்தை வளர்க்கிறது.

கிம்பரெல்லாவின் உடல் இங்கே அரிது. தடம் அதிகம். வழிகாட்டி ஒரு பலகையின் ஓரத்தில் கையால் நிழல் பிடித்துக் காட்டினார். இணை இணையாகக் கீறல்கள் விசிறி வடிவில் பரவியிருந்தன. கிம்பரிக்னஸ் என்று இந்தக் கீறல்களுக்குத் தனிப் பெயர். கடலடியில் படிந்திருந்த நுண்ணுயிர்ப் பாசிப் படலத்தை எதுவோ சுரண்டித் தின்ற அடையாளம்.

நத்தைகளுக்கும், பாறையில் ஒட்டி வாழும் கைட்டன் என்ற மெல்லுடலிகளுக்கும் ராடுலா என்ற பல் வரிசை கொண்ட நாக்கு இருக்கிறது. பாசி படிந்த கல்லைச் சுரண்ட அதுதான் கருவி. மெல்லுடலிகளைத் தவிர வேறு யாரிடமும் அது இல்லை. ஆகவே கீறலைப் பார்த்ததும் ராடுலா, ராடுலா என்றதும் மெல்லுடலி என்று பலர் முடித்துவிடுகிறார்கள். வழிகாட்டியும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். விசிறியின் வடிவம் எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது. நத்தை முன்னோக்கி ஊர்ந்தபடி தன் வாயின் அடியில் இருப்பதைச் சுரண்டும். சுரண்டிய இடத்தின்மேல் தானே ஏறிப் போகும். இங்கே கீறியது ஓரிடத்தில் நிலையாக இருந்துகொண்டு, நீளமான எதையோ முன்னால் நீட்டி, இடமும் வலமும் வீசி வாரி இழுத்திருக்கிறது. பிறகு பின்னால் நகர்ந்து மறுபடி வாரியிருக்கிறது. கீறல்கள் அழியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

திரும்பும் வழியில் இதைப் பற்றி அத்தானோடு வாக்குவாதம். மூடி இருக்கிறது, பாதம் இருக்கிறது, சுரண்டித் தின்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. பட்டியலில் பாதி பொருந்துவதாலேயே ஒருவரைக் குடும்ப அட்டையில் சேர்க்க முடியாது என்பது என் கட்சி. மெல்லுடலிகளின் கிளைக்கு அருகே நின்ற ஏதோ ஒன்று என்பதுவரை வருகிறேன். பல் பதிந்த ஒரு கிம்பரெல்லா கிடைத்தால் அதற்கு மேலும் வருவேன். ஆர்ட்ராசன் கசடில் கிடைத்த மில்லிமீட்டர் சிப்பிக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அதன் கீல் பல், தசை, படிக வரிசை எல்லாம் பதிவில் இருக்கின்றன.

ஹாக்கர்வரை பேச்சு ஓயவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது அத்தான் சட்டைப் பையிலிருந்து பின்னா ஓட்டுத் துண்டை எடுத்தார். அடுத்த வாரம் தன் கூடத்தில் இருக்கும் அழுத்தச் சோதனை இயந்திரத்தில் தூண் அடுக்கை ஒரு முறையும் முத்துப்படலப் பகுதியை ஒரு முறையும் நசுக்கிப் பார்க்கப் போகிறாராம். எண்களை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.